கல்லுமூஞ்சியை நம்பி ஆடிய சீட்டு

துக்கத்தையும் ஒரு தகுதியாகக் கணக்கில் சேர்க்கலாம் என்று அந்தப் பல் பட்டறையில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஈறு.

ஈறு என்பது பல் செட் பிரிவின் சூப்பர்வைசருக்கு ஆட்கள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் பல்லுக்கு முன்னால் ஈறு வந்து நிற்கும். முதுகுக்குப் பின்னால் ஈறு, முகத்துக்கு நேரே சார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவர் பிரிவின் வேலை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரிவு. அங்கே உடைந்த பல்லுக்குக் கேப் செய்வார்கள். அதன் தலைவருக்குப் பெயர் தொப்பி. தலையில் ஒரு முடி கிடையாது. தொப்பியும் போட மாட்டார். பல்லுக்குத்தான் போடுவார்.

இரண்டு பிரிவும் தரைக்குக் கீழே இருந்தன. பகலிலும் டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நிறம் பொருத்திய பல், வீதிக்குப் போனதும் நீலம் பாய்ந்து நிற்கும். டாக்டர் திருப்பி அனுப்புவார். பேஷன்ட் சிரித்தால் வீட்டில் குழந்தைகள் அழுகின்றன என்று ஒருவர் சொல்லியே அனுப்பினார். இந்த நிலைமையில் மாடியில் இருந்த தையல் பள்ளி காலி செய்துகொண்டு போனது. மாடி அறைக்குச் சுவரில் பாதி ஜன்னல். காலையிலிருந்து மாலைவரை ஒரே சீரான வெளிச்சம்.

இரண்டு பிரிவுக்கும் அது வேண்டும். முதலாளிக்குப் போன் போட்டார்கள்.

“நீங்களே பேசித் தீத்துக்குங்க. பஞ்சாயத்துன்னு எங்கிட்ட வந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. வாடகைக்கு விட்டுருவேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பேசித் தீர்ப்பது என்றால் அந்தப் பட்டறையில் சீட்டாடித் தீர்ப்பது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே தொப்பிதான். இளவயதில் கப்பலில் வேலை பார்த்தபோது கற்றாராம். போக்கரில் ‘ஸ்டட்’ என்று ஒரு வகை. பிரிவுக்கு ஒரு ஆள். மதிய இடைவேளையில் நடைபாதை மேசையில் ஆட்டம். வைத்து ஆடக் காசு கிடையாது, கழித்துப்போட்ட பொய்ப்பல்தான். ஒரு கடைவாய்ப்பல் ஐந்து முன்பல்லுக்குச் சமம். பல்லெல்லாம் போனவன் தோற்றவன்; மணி அடிக்கும்வரை யாருக்கும் போகவில்லை என்றால், எண்ணிக்கையில் குறைந்தவன். அந்த வகையில் நல்ல மின்விசிறி, புது டிரில், கதவுப் பக்கத்துக் குளிர்பெட்டி எல்லாம் ஏற்கெனவே தொப்பி பக்கம் போய்விட்டன. கடைசியாக ஆடியது பாலிஷ்காரன். நல்ல சீட்டு வந்தால் அவனுக்குக் காது சிவந்துவிடும். தொப்பி சீட்டைப் பார்க்கவே இல்லை. காதைப் பார்த்தே ஆடினார்.

“நமக்குத் தேவை மூளை இல்லய்யா, மூஞ்சி” என்றார் ஈறு. “எது வந்தாலும் அசையாத மூஞ்சி.”

சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பினார். எல்லாரும் திருப்பினார்கள். பிளாஸ்டர் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் அச்சுக்குள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தான், இடித்த புளி மாதிரி.

அவன் மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள். அவன் அழுது யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் முகத்தில் எதையுமே யாரும் பார்க்கவில்லை.

அதுவரை அவனுக்கு முன்பல் வேலை. பல் செட் பிரிவில் அதுதான் உச்சம். கடைவாய்ப்பல்லை யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். முன்பல் ஆறும் ஆளின் முகம். இறுதிச் சடங்கு முடிந்து வேலைக்கு வந்த அன்று ஈறு அவன் தோளில் கை வைத்து, “மனசு சரியில்லாத நேரத்துல முன்பல் வேணாம்ப்பா. கொஞ்ச நாள் பிளாஸ்டர் பாரு. ஒரு பாரமும் இருக்காது” என்றார். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. ஒரு தடவை, ஒரு நாளைக்கு வந்த அச்சு முழுவதையும் காற்றுக் குமிழோடு ஊற்றி வைத்துவிட்டான். வேறு எவனாவது செய்திருந்தால் காது கிழிந்திருக்கும். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெழுகு வேலை பார்க்கும் அக்கா சத்தமில்லாமல் மறுபடி ஊற்றிக் காயவைத்திருந்தாள். காய்ந்துகொண்டிருந்த அச்சுகளைப் பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது. அன்றைக்கு அவனுக்கு என்னமோ செய்தது. செத்தது இரண்டு பேரோ என்று தோன்றியது.

“உனக்கு ஒரு நல்ல காரியம்” என்று வந்து நின்றார் ஈறு. “தொப்பியோட ஆடணும். ஜெயிச்சா மாடி நமக்கு. ஜன்னல் ஓரத்து நாற்காலி உனக்கு. முன்பல்லும் திரும்ப உனக்குத்தான்.”

“தோத்தா?”

“தோத்தா…” ஈறு அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “தோத்தா என்னப்பா, நீ இங்கயே நிம்மதியா இரு. யாரு உன்னை என்ன சொல்லப் போறாங்க?”

அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. சரி என்றான்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். பிடுங்குகிறவர்கள் இவ்வளவு மரியாதையாக வந்து, பிடுங்குவதற்குள் இரண்டு தடவை ஆறுதலும் சொல்லிவிட்டுப் போவதை அன்றுதான் பார்த்தான்.

ஆட்டம் சொல்லிக்கொடுக்க மெழுகக்கா. பிரிவிலேயே ஸ்டட் முறையாகத் தெரிந்தவள் அவள்தான்.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“மாமியார்கிட்ட. அந்தம்மா மூஞ்சில ஈ உக்காந்தா ஈ செத்துரும். வீட்டு வேலை யாருக்குன்னு தினம் ஆடுவோம். கல்யாணமான நாள்லேருந்து பாத்திரம் நான்தான் கழுவறேன்.”

“அப்போ நீங்க தோக்கறவங்க.”

“ஆமா. தோக்கறவளுக்குத்தான் ஆட்டம் முழுசாத் தெரியும். ஜெயிக்கிறவ எதைக் கவனிச்சா? எனக்கு மூஞ்சி சினிமாத் திரை. அதான் உன்னை அனுப்பறோம்.”

மெழுகு படிந்த மேசையைத் துடைத்துச் சீட்டைப் போட்டாள்.

“முதல் சீட்டு கவுத்துப் போடுவாங்க. அது உனக்கு மட்டும். அப்புறம் நாலு சீட்டு, ஒண்ணு ஒண்ணா, எல்லாருக்கும் தெரியற மாதிரி திறந்து விழும். ஒவ்வொண்ணு விழும்போதும் பந்தயம். கடைசியில அஞ்சையும் சேத்துப் பெருசு யாருதோ அவனுக்கு எல்லாப் பல்லும். புரியுதா? உன்கிட்ட இருக்கறதுல நாலு பங்கு ஊருக்கே தெரியும். மூடின ஒண்ணை வச்சுத்தான் ஊரைப் பயமுறுத்தணும்.”

ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே மாதிரி, ஐந்தும் வரிசை, ஐந்தும் ஒரே ரகம் என்று எதற்கு மேல் எது என்பதை அவன் அன்றே மனப்பாடம் செய்துவிட்டான். கல்லூரியில் படித்தவன், மனப்பாடம் செய்யாமல் எதையும் படித்ததில்லை. ஆட்டம்தான் வரவில்லை. ஒவ்வொரு சீட்டு விழும்போதும் மூடின சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“எதுக்கு அதையே திறந்து திறந்து பாக்கறே? தொட்டில்ல தூங்கற குழந்தையா அது, முழிச்சிருச்சான்னு பாக்க? ஒரு தடவை பாத்தியா, வச்சிரு. கழுதைக்கு எத்தனை தடவை…” என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முகம் மாறியது. “பரவால்லப்பா. மெதுவாப் பழகிக்கலாம்.”

கழுதை என்றபோது அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரவால்லப்பாதான் ஊசி மாதிரி இறங்கியது.

இன்னொரு கோளாறும் இருந்தது. அவன் எந்த ஆட்டத்தையும் பாதியில் விடவில்லை. எதிரில் மூன்று ராணி திறந்து கிடக்கும். தன்னிடம் ஒன்றுக்கொன்று உறவில்லாத ஐந்து அநாதைச் சீட்டு இருக்கும். கேட்ட பல்லை எடுத்து வைத்துக்கொண்டே போவான்.

“கவுக்கணும்ப்பா. இவ்வளவுதான்னு தெரிஞ்சதும் சீட்டைக் கவுத்துட்டு எழுந்துரணும். விட்டது போகட்டும், மிச்சப் பல்லைக் காப்பாத்திக்கணும். இந்த ஆட்டத்துல பாதிக் கெட்டிக்காரத்தனம் அதுதான்.”

சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனுக்குச் சிரமமாக இருந்தது. சீட்டைப் பற்றிப் பேசினாலும் இவர்களுக்குச் சாவுதான் ஞாபகம் வருகிறது.

இதற்கிடையில் ஈறும் பாலிஷ்காரனும் முகத்துக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். பாலிஷ்காரன் பின்னால் வந்து காதருகே தட்டைப் போட்டு உடைத்தான். அசையவில்லை. ஈறு தனக்குத் தெரிந்த அசிங்கமான ஜோக்கு எல்லாவற்றையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தானே ஈறு தெரியச் சிரித்து முடித்தார். அசையவில்லை.

“கல்லுய்யா இவன்!” என்று பாலிஷ்காரன் பூரித்துப்போனான். “தங்கமான துக்கம் சார். இப்படி எவனுக்கு அமையும்?”

அன்றுமுதல் கல்லுமூஞ்சி என்ற பெயர் நிலைத்தது. நேரிலேயே கூப்பிட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. அதுவரை அவனுக்குப் பட்டறையில் பெயர், பாவம்.

பயிற்சியின் நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு விஷயம் நடந்தது. அவனுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. பிளாஸ்டரைக் கலக்கும்போது முந்தின நாள் விழுந்த ஏழுகளை எண்ணிக்கொண்டிருப்பான். கவிழ்த்த ஆட்கள் விட்டுப்போன சீட்டுகள், இனி எது வரும், எது வரவே வராது. வராததைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஆடுவதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு நாள் மாவு கெட்டியாகும்வரை நின்றவன், காலையிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை என்பதைக் கவனித்தான். குற்றம் செய்துவிட்டவன் மாதிரி கதவுப் பக்கம் பார்த்தான். நல்லவேளை, முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஆட்டத்தன்று நடைபாதையில் நிற்க இடமில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் தொப்பி. இரண்டு கிண்ணம் நிறையப் பல். தொப்பி உட்கார்ந்ததும் எட்டி அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, ஆட்டம் வேற, மனுஷத்தனம் வேற. உன் கஷ்டம் எனக்குத் தெரியும். மனசுல எதையும் வச்சுக்காதே.”

“ஆரம்பிச்சிட்டாருடா” என்று பாலிஷ்காரன் பின்னால் முணுமுணுத்தான்.

முதல் அரைமணி நேரம் இவன் நன்றாகவே ஆடினான். கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்தான். மூடின சீட்டை ஒரு தடவைக்குமேல் தொடவில்லை. தொப்பி அவன் காதைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல் ஒரு ஜோடி ஜாக்கியைப் பயந்து கவிழ்த்தார். பல் செட் பிரிவு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. தொப்பியின் கிண்ணத்திலிருந்து கடைவாய்ப்பல் குவியல் குவியலாக இந்தப் பக்கம் வந்தது. கொஞ்சம் திரும்பிப் போனது. இடைவேளை முடியும் நேரத்தில் இரண்டு கிண்ணமும் ஏறக்குறைய சமம்.

“இதான் கடைசிக் கை. மணி அடிச்சிரும். உள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வைக்கலாம்” என்றார் தொப்பி.

இவனுக்கு மூடின சீட்டு கிளாவர் இரண்டு. திறந்து விழுந்தது ஏழு. தொப்பிக்கு ராஜா. அடுத்து இவனுக்கு எட்டு, தொப்பிக்கு மூன்று. அடுத்து இவனுக்குப் பத்து, தொப்பிக்கு இன்னொரு ராஜா. கவிழ்த்திருக்க வேண்டும். அக்காவின் பாடப்படி அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்க வேண்டும். கவிழ்த்தால் எண்ணிக்கையில் தொப்பி முந்திவிடுவார், மாடி போய்விடும். இவன் கேட்ட பல்லை வைத்தான். கடைசிச் சீட்டு: இவனுக்கு ஒன்பது. தொப்பிக்கு ராணி.

கூட்டம் மூச்சை இழுத்தது.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. மேசைமேல் எல்லாருக்கும் தெரிய வரிசையாகப் படுத்திருந்தன. மூடின சீட்டு ஒரு ஆறாகவோ ஜாக்கியாகவோ இருந்தால் வரிசை முழுசு. தொப்பியின் ராஜா ஜோடி குப்பை. இரண்டாக இருந்தால் இவனிடம் எதுவுமே இல்லை. இரண்டுதான். அது இவனுக்கு மட்டும் தெரியும்.

கிண்ணத்தை அப்படியே தூக்கி நடுவில் கவிழ்த்தான். பல்லெல்லாம் மேசைமேல் சிதறின.

“மொத்தமும்” என்றான்.

ஈறு கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இந்த முகத்தை வளர்த்தது.

தொப்பி முன்னால் சாய்ந்தார். சீட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். புருவம் இரண்டும் நடுவில் உயர்ந்து கூரை மாதிரி நின்றன. கீழுதடு கொஞ்சம் பிதுங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் இரண்டும் இவன் கண்ணுக்குள் துழாவின.

இந்த முகத்தை இவன் பார்த்திருக்கிறான். சடங்கு முடிந்து வாசலில் நின்றபோது, தோளில் கை வைத்துக்கொண்டு தொப்பி பார்த்த முகம் இதேதான். இதே புருவம், இதே உதடு. அன்றைக்கு இவன் அதை இரக்கம் என்று நினைத்து, பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். இரக்கம் இல்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்திருக்கிறார்! அழுகையா, வெறும் இரண்டா? அவர் மட்டுமா? மாமனார், பக்கத்து வீட்டுக்காரர், ஈறு, அடிக்கடி பிளாஸ்டர் அறைக் கதவில் வந்து எட்டிப் பார்த்த எல்லாரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மூடின சீட்டைத்தான் படித்திருக்கிறார்கள். இவனும் காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் மாதக்கணக்காக இந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

தொப்பி, துழாவுவது போதாதென்று, மெல்ல, கனிவாகக் கேட்டார்: “தம்பி, உள்ள என்னப்பா இருக்கு?”

இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தான், வயிற்றுக்குப் போய்த் திரும்பி வாய் வழியாக வந்தது. வாய்விட்டுச் சிரித்தான். தலையை மேசையில் முட்டிக்கொண்டு சிரித்தான். நடைபாதை முழுவதும் பல் செய்கிறவர்கள். சிரிக்கிறவனின் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். கீழ்வரிசையில் ஒன்று கோணல் என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் தொப்பியின் விரல்கள் சீட்டைக் கவிழ்ப்பதற்காக அடியில் நுழைந்திருந்தன. மெழுகக்கா கண்ணால் பார்த்தாள்; அதற்குள் கண்ணைத் திறந்த ஈறும் பார்த்தார். ராஜா ஒன்று பாதி எழும்பியே விட்டது. சிரிப்பைக் கேட்டதும் விரல் நின்றது. வழுக்கைத் தலை உச்சிவரை சிவந்தது.

“என்ன சிரிப்பு? என்னைப் பாத்தா சிரிக்கிறே?”

இவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர்.

“ஆறுதலாக் கேட்டா பல்லையா இளிக்கிறே?” தொப்பி ராஜாவைத் திரும்பப் படுக்கவைத்துத் தன் கிண்ணத்தைத் தள்ளினார். “வச்சிட்டேன் மொத்தமும். எடுடா சீட்டை!”

அவர் எதையும் கணக்குப் போடவில்லை. கோபம் வந்தது, வைத்துவிட்டார். கப்பலில் கற்ற வித்தையில் அது சேர்த்தி இல்லை, ஆனால் பலித்தது. இவன் கிளாவர் இரண்டைத் திருப்பிப் போட்டான்.

பல் செட் பிரிவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கம் விசில் பறந்தது. பாதி ஆட்கள் அப்போதே மாடிப்படி ஏறிப்போய் ஜன்னலைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் வாய் திறந்தவன் பாலிஷ்காரன். “எனக்குக் காதுதான்யா சிவந்துச்சு. நீ பேண்டு வாசிச்சிட்டே!”

பிறகு ஈறு. அவரால் வார்த்தைகளை வரிசைப்படுத்த முடியவில்லை. “அறிவு… அறிவிருக்கா உனக்கு? மனுஷனா நீ? இத்தனை மாசம் சிரிக்காதவனுக்கு இன்னும் ஒரு நிமிஷம் சிரிக்காம இருக்க முடியலையா? அவன் கவுக்கப் போனான்யா! கவுக்கப் போனான்!”

“ரெண்டு!” என்று கத்தினாள் மெழுகக்கா. “ரெண்டை வச்சுக்கிட்டு அந்த ராஜா ஜோடிக்கு எதிர்ல உக்காந்திருக்கே! எருமை! நான் என்ன சொன்னேன்? கவுக்கணும்னு சொன்னேனா இல்லையா? தண்டம்! உனக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்துக்கு என் மாமியாரையே ஜெயிச்சிருப்பேன்!”

யாரும் நடுவில் நிறுத்தவில்லை. யாரும் குரலை இறக்கவில்லை. இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பயமாகத்தான் இருந்தது; ஈறு நெருங்கி வந்து கத்தியபோது எச்சில் தெறித்தது. ஆனாலும் ஒரு அடிகூடப் பின்னால் போகத் தோன்றவில்லை.

“துக்கத்துல இருக்கான், துக்கத்துல இருக்கான்னு பிளாஸ்டர் ரூம்ல உக்கார வச்சு அழகு பாத்தேன்ல, என்னைச் சொல்லணும்” என்றார் ஈறு. “முன்பல் அத்தனையும் இந்த அக்கா தலையில கட்டிட்டு இவரு உள்ள உக்காந்து சொகுசா மாவு கலக்கிக்கிட்டிருந்திருக்காரு. சிரிக்கத் தெரியுதுல்ல? அப்போ வேலையும் செய். இனிமே சலுகை கிடையாது. போ! உன் பழைய மேசைக்குப் போ. நாலு செட் திரும்பி வந்து கிடக்கு. எல்லாம் நீலம். சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா வீட்டுக்குப் போகக்கூடாது.”

“ஜன்னல்?” என்றான் இவன்.

“ஜன்னலாம்! வாயைப் பாரு! டியூப் லைட்ல கண்ணு அவியச் செய்!”

பழைய மேசையில் யாரோ மெழுகுக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை இறக்கி வைத்தான். மேலே டியூப் லைட் ஒரு தடவை துடித்து நின்றது. மாடியில் தொப்பி ஆட்கள் மேசையை இழுக்கும் சத்தம் கூரையில் உருண்டது. முதல் செட்டைப் பிரித்து, அச்சில் பொருத்தி, மெழுகைச் சூடாக்கி நடுப்பல் இரண்டையும் வைத்தான்.  ரொம்ப நாளாயிற்று.

மெழுகக்கா வந்து தலைக்குமேல் நின்றாள். கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை.

“இடது சிங்கப்பல் வெளிய நிக்குது.”

“நேராத்தான்க்கா இருக்கு. இந்த லைட்ல அப்படித் தெரியுது.”

“லைட்டா? லைட்டை எவன் சிரிச்சுத் தொலைச்சான்? கழட்டு. மறுபடி வை.”

கழற்றினான். மறுபடி வைத்தான்.